பிளேஸ்டேஷனா, கேமிங் பிசியா? பணம் கட்டும் முன் வீட்டில் பேசவேண்டிய விஷயங்கள்!

"நல்ல மார்க் எடுத்தா கேட்டதை வாங்கித் தர்றேன்னு சொன்னீங்கல்லப்பா?"

தேர்வு முடிவுகள் வரும் நாள்களில் பல வீடுகளில் கேட்கும் வசனம் இது. ஒரு காலத்தில் அந்த 'கேட்டது' சைக்கிளாக இருந்தது. பிறகு செல்போன். இப்போது பிளேஸ்டேஷன் அல்லது கேமிங் பிசி.

"பிசின்னா படிக்கவும் ஆகும்ப்பா" என்பான் மகன். "அம்பதாயிரம் ரூபாய்க்கு விளையாட்டு சாமானா?" என்று கணக்குப் போடுவார் அப்பா. "அதை டி.வி-யில மாட்டிட்டா ராத்திரி நான் எதைப் பார்க்கிறது?" என்பார் அம்மா. சிரிப்பாக இருந்தாலும், மூன்று பேர் கேட்பதும் நியாயமான கேள்விகள்தான். சரியான முடிவும் அந்த மூன்று கேள்விகளுக்குள்ளேதான் இருக்கிறது.

90-களில் இந்தக் குழப்பமே இல்லை. டி.வி-யில் ஒயரைச் செருகி, கேசட்டை எடுத்து ஒரு முறை ஊதி, மறுபடி போட்டால் மரியோவும் கான்ட்ராவும் ஓடும். அடுத்து வந்த தலைமுறை பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ரோட் ராஷும் வைஸ் சிட்டியும் ஆடியது. அதன் பிறகு எல்லாம் செல்போனுக்குள் வந்துவிட்டது. பப்ஜி ஆடிப் பழகிய பிள்ளைகள்தான் இப்போது பெரிய திரைக்கு ஆசைப்படுகிறார்கள். ஆனால் பெரிய திரைக்குப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் செலவு வேறு, வசதி வேறு.

கன்சோல் விலை ஏன் குறைவாகத் தெரிகிறது?

பிஎஸ்5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அப்போது டிஸ்க் போடும் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் 39,990 ரூபாய். 8 கோர் பிராசஸர், 16 ஜிபி மெமரி, வேகமான எஸ்எஸ்டி, 4கே டி.வி-க்கு ஏற்ற கிராஃபிக்ஸ் எல்லாம் ஒரே பெட்டியில் கிடைத்தன. அதே திறனுள்ள கம்ப்யூட்டரை அன்றைக்கு அந்த விலையில் அசெம்பிள் செய்வது நடக்காத காரியம்.

நிறுவனங்களுக்கு இது எப்படிக் கட்டுப்படியாகிறது? பெட்டியை விற்று அவர்கள் பெரிதாகச் சம்பாதிப்பதில்லை. 2021-ல் அமெரிக்காவில் நடந்த எபிக் - ஆப்பிள் வழக்கில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி லோரி ரைட் இதைச் சாட்சியமாகவே சொன்னார். எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளை விற்றதில் நிறுவனம் லாபமே பார்த்ததில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். லாபமெல்லாம் அதன் பிறகு நாம் வாங்கும் கேம்களிலும் கட்டும் சந்தாவிலும்தான் வருகிறது.

எனவே பெட்டியின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கணக்கு பாதியில் நின்றுவிடும். சோனியின் பெரிய பிஎஸ்5 கேம்கள் இந்தியாவில் 4,999 ரூபாய் விலையில் வெளியாயின. ஓர் உதாரணத்துக்கு, வருடத்துக்கு இரண்டு புது கேம் என்று வைத்துக்கொண்டால் 10,000 ரூபாய். ஐந்து வருடத்தில் 50,000 ரூபாய். அதாவது, இன்னொரு பிளேஸ்டேஷனின் விலை! காசு கொடுத்து வாங்கிய கேமை நண்பர்களோடு ஆன்லைனில் ஆட பெரும்பாலும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் கட்ட வேண்டும். ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு மட்டும் அந்தச் சந்தா தேவையில்லை.

'கொஞ்ச நாள் பொறுத்தா விலை இறங்கும்' என்ற பழைய நம்பிக்கையும் இந்தத் தலைமுறை கன்சோல்களிடம் பலிக்கவில்லை. 49,990 ரூபாய்க்கு வந்த பிஎஸ்5 2022 நவம்பரில் 54,990 ரூபாய் ஆனது. 2025-ல் அமெரிக்காவில் சோனி, மைக்ரோசாஃப்ட் இரண்டுமே கன்சோல் விலையை உயர்த்தின.

செலவைக் குறைக்கவும் வழி உண்டு. டிஸ்க் மாடல் வாங்கினால், ஆடி முடித்த டிஸ்க்கை விற்றுவிடலாம், நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம், செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்கும் வாங்கலாம். டிஜிட்டல் மாடலில் இது எதுவும் முடியாது. கடையில் 10,000 ரூபாய் குறைவு என்று டிஜிட்டல் மாடலை வாங்கியவர்கள், பின்னால் அந்த 10,000 ரூபாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிட வாய்ப்பிருக்கிறது.

பிசி: ஆரம்பச் செலவு அதிகம், அப்புறம் குறைவு

கேமிங் பிசியின் கதை இதற்கு நேர் எதிர். வாங்கும்போது கை கடிக்கும். கிராஃபிக்ஸ் கார்டு மட்டுமே கன்சோல் விலையில் பாதியை எட்டிவிடும். உதாரணமாக, 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு என்விடியா இந்தியாவில் அறிவித்த ஆரம்ப விலை 29,500 ரூபாய். கிரிப்டோ மைனிங்கும் கொரோனா கால தட்டுப்பாடும் சேர்ந்ததில் பல மாதங்கள் அந்த விலைக்கு அது கிடைக்கவே இல்லை. 2025-ன் கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை எகிறியது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் எல்லாம் தனிக்கணக்கு.

வாங்கிய பிறகு நிலைமை மாறும். ஆன்லைனில் ஆட மாதச் சந்தா கிடையாது. ஸ்டீம் தளத்தில் ரூபாயிலேயே விலை போட்டிருப்பார்கள். கோடைக்காலம், தீபாவளியை ஒட்டிய நாள்கள், வருடக் கடைசி என்று தள்ளுபடி வந்துகொண்டே இருக்கும். வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பிடிக்கவில்லை என்று பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எபிக் ஸ்டோர் வாராவாரம் இலவச கேம் தருகிறது. 2020 மே மாதத்தில் ஜிடிஏ 5-ஐயே ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தது.

நான்கு வருடம் கழித்து வேகம் போதவில்லை என்றால் கார்டையோ ராமையோ மட்டும் மாற்றலாம். கன்சோலில் அப்படி மாற்ற முடியாது. அடுத்த தலைமுறை வந்தால் புதுப் பெட்டிதான். ஆனால் பழுது வந்தால் எந்தப் பாகத்தில் பிரச்னை என்று தேடுவது, டிரைவர் அப்டேட் செய்வது, செட்டிங்ஸைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் பிசியில் நம் வேலை. சிலருக்கு அதுவே ஒரு சந்தோஷம். 'ஆன் பண்ணினா ஓடணும்' என்று நினைப்பவர்களுக்கு அது தலைவலி.

முதலில் கேமின் பெயரைக் கேளுங்கள்!

பெட்டியைப் பற்றிப் பேசும் முன் பிள்ளையிடம் கேட்க வேண்டியது, "நீ என்ன கேம் ஆடப்போற?"

கவுன்ட்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 என்று பதில் வந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. அவை பிசியில் மட்டும்தான். இரண்டும் இலவசம்கூட. வாலரன்ட் 2024-ல் கன்சோலுக்கும் வந்தது. ஆனால், கன்சோலில் ஆடுபவர் பிசியில் ஆடும் நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியாது. நண்பர்கள் எல்லோரும் பிசியில் இருக்கும்போது நம் பிள்ளை மட்டும் கன்சோல் வாங்கினால், தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

காட் ஆஃப் வார், ஸ்பைடர்மேன் என்றால் பிளேஸ்டேஷன்தான் முதல் வீடு. அவை பிசிக்கும் வந்தன, ஆனால் தாமதமாக. காட் ஆஃப் வார் 2018-ல் பிஎஸ்4-ல் வந்தது, பிசிக்கு 2022-ல்தான் வந்தது. ஜிடிஏ 5 கன்சோலில் 2013 செப்டம்பரில் வந்தது, பிசிக்காரர்கள் 2015 ஏப்ரல் வரை காத்திருந்தார்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கும் ஒரு வருடம் காத்திருப்பு. ஜிடிஏ 6-ஐ ராக்ஸ்டார் அறிவித்தபோதும் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் ஆகிய கன்சோல்களின் பெயர்களைத்தான் சொன்னது. அந்த ஒரு கேமுக்காகவே பிசி வாங்குகிறேன் என்றால், கொஞ்சம் யோசிப்பது நல்லது.

'படிக்கவும் ஆகும்ப்பா' - உண்மையா?

உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கல்லூரிப் படிப்புக்கு, குறிப்பாக கோடிங், டிசைன், வீடியோ எடிட்டிங், 3டி போன்றவற்றுக்குக் கம்ப்யூட்டர் கட்டாயம் வேண்டும். எப்படியும் அதற்கு ஒரு தொகை ஒதுக்கத்தான் போகிறீர்கள் என்றால், கூடக் கொஞ்சம் போட்டு நல்ல கிராஃபிக்ஸ் கார்டோடு வாங்குவது புத்திசாலித்தனம். இரண்டு செலவு ஒன்றாகிவிடும்.

ஆனால் வீட்டில் ஏற்கெனவே வேலைக்கு உதவும் லேப்டாப் இருக்கிறதா? அப்படியென்றால் 'படிக்க' என்ற காரணம் அடிபடுகிறது. விளையாட மட்டும்தான் என்றால், அதே பணத்துக்குக் கன்சோல்தான் அதிக திறனைத் தரும்.

ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைக்கு டெஸ்க்டாப்பும் சரிவராது, கன்சோலும் சரிவராது. கேமிங் லேப்டாப்தான் வழி. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஒரே பெயருள்ள கிராஃபிக்ஸ் சிப், லேப்டாப்புக்கு லேப்டாப் வேறு வேகத்தில் ஓடும். லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4060 சிப்புக்கு 35 வாட் முதல் 115 வாட் வரை மின்சாரம் கொடுக்க என்விடியா அனுமதிக்கிறது. எத்தனை வாட் என்று கேட்காமல் வாங்கினால் பெயருக்குத்தான் காசு கொடுத்திருப்போம்.

'15,000 ரூபாய்க்கு கேமிங் பிசி' - உஷார்!

சோஷியல் மீடியாவில் அடிக்கடி கண்ணில் படும் விளம்பரம் இது. உள்ளே பெரும்பாலும் அலுவலகங்களில் கழித்துக்கட்டிய பழைய ஐ5, ஐ7 கம்ப்யூட்டர்கள் இருக்கும். புது கேபினட்டும் வண்ண விளக்கும் போட்டு, பெயருக்கு ஒரு பழைய கார்டைச் செருகியிருப்பார்கள்.

ஐ7 என்ற பெயரைப் பார்க்காமல் அது எத்தனையாவது தலைமுறை என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14-ம் தேதி மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 11-ல் வாலரன்ட் ஆடவும் இந்த டிபிஎம் தேவை. எப்படியாவது விண்டோஸ் 11-ஐப் போட்டுக் கொடுத்தாலும், பிள்ளை ஆசைப்பட்ட கேம் அதில் திறக்காமல் போகலாம்.

"எல்லா கேமும் ஃப்ரீயா ஏத்தித் தர்றோம்" என்று சொன்னாலும் உஷார். கிராக் செய்த கேம்களோடு பாஸ்வேர்டு திருடும் வைரஸ்களும் வரக்கூடும். அதே கம்ப்யூட்டரில்தான் அப்பா நெட் பேங்கிங் பார்ப்பார் என்பதை மறக்க வேண்டாம்.

டி.வி யாருக்கு?

அம்மாவின் கேள்விக்கு வருவோம். ஹாலில் ஒரே டி.வி இருக்கும் வீட்டில் கன்சோல் வந்தால் இரவு நேரத்தில் பஞ்சாயத்து நிச்சயம். பிஎஸ்5-ன் ரிமோட் பிளே வசதியால் செல்போனிலோ லேப்டாப்பிலோ ஆடலாம், அதற்கு வீட்டில் நல்ல வைஃபை வேண்டும்.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. ஹாலில் இருப்பதால் பிள்ளை என்ன ஆடுகிறான், எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்பது எல்லோர் கண்ணிலும் படும். கதவைச் சாத்திய அறைக்குள் இருக்கும் பிசியில் அது தெரியாது. கூடவே உட்கார்ந்தும் ஆடலாம். பிஎஸ்5-ல் இலவசமாகவே வரும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் சின்னப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். 'இட் டேக்ஸ் டூ' கேமை இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஆடவே முடியும்.

கன்சோலோ பிசியோ, ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் என்று பூட்டுப் போடும் பேரன்டல் கன்ட்ரோல் இரண்டிலும் உண்டு. அட்டையில் உள்ள வயது முத்திரையையும் பாருங்கள். ஜிடிஏ 5-க்கு ஐரோப்பிய முத்திரை 18+. ஆறாவது படிக்கும் பிள்ளைக்கான கேம் அல்ல.

இன்டர்நெட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரிய கேம்கள் 100 ஜிபி-யைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. பிசியில் ரெட் டெட் 2-க்கு மட்டும் 150 ஜிபி இடம் கேட்கிறார்கள். டிஸ்க் வாங்கினாலும் அப்டேட் இறங்கத்தான் செய்யும். செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இறங்க வேண்டாம்.

கடைசியாக ஒரு செக் லிஸ்ட்!

* வீட்டில் நல்ல டி.வி-யும் வேலைக்கான லேப்டாப்பும் ஏற்கெனவே இருக்கின்றன, ஆசை விளையாட மட்டும்: டிஸ்க் மாடல் கன்சோல்.

* கல்லூரிக்கு எப்படியும் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும்: கிராஃபிக்ஸ் கார்டோடு பிசி. ஹாஸ்டல் என்றால் லேப்டாப்.

* நண்பர்கள் எல்லோரும் வாலரன்ட், கவுன்ட்டர் ஸ்டிரைக் ஆடுகிறார்கள்: பிசி. இந்த இலவச கேம்களுக்கு விலை உயர்ந்த கார்டு தேவையில்லை என்பதால் செலவும் குறையும்.

* தம்பி, தங்கை, அப்பா எல்லோரும் சேர்ந்து ஆட ஆசை: கன்சோல், கூடவே இன்னொரு கன்ட்ரோலர்.

* கையில் இருக்கும் பணம் எதற்கும் போதவில்லை: கடன், இஎம்ஐ வேண்டாம். வாக்குக் கொடுத்ததைத் தள்ளிப்போடுவது தப்பில்லை. ஆனால், காரணத்தைப் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

கடைக்குப் போகும் முன், ஒரு பேப்பரை எடுத்துப் பிள்ளையையே ஐந்து வருடக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். பெட்டி எவ்வளவு, கேம் எவ்வளவு, சந்தா எவ்வளவு, நெட் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அவனோ அவளோ கூட்டிப் பார்க்கட்டும். கேட்டதை வாங்கித் தருவதற்கு முன், வீட்டு வரவு செலவை ஒரு முறை பிள்ளையின் கையால் எழுத வைத்த மாதிரியும் ஆச்சு!