கியூ கோலின் அடிமுனையில் நீட்டிப்பு பொருத்துதல்

பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கப் பயன்படும் கோல் கியூ எனப்படும். மேசையின் நடுவிலோ எதிர்ப்பக்கத்திலோ நிற்கும் வெள்ளைப் பந்தை எட்டி அடிக்க, கியூவின் பின்முனையில் திருகிச் சேர்க்கும் கூடுதல் துண்டு நீட்டிப்பு (எக்ஸ்டென்ஷன்) ஆகும். சில கியூக்களில் தயாரிப்பின்போதே இதற்கான மரை அமைக்கப்பட்டிருக்கும். அது இல்லாத கியூவின் அடிமுனையில் துளையிட்டு, மரை வெட்டிய சிறு உலோகக் குழாயைப் பதித்து, நீட்டிப்பை ஏற்கும்படி செய்வதே இங்கு விளக்கப்படும் மாற்றம். ஒருமுறை இட்ட துளையை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. எனவே துளையிடும் முன் செய்யும் சோதனை, துளையிடும் வேலையைப் போலவே முக்கியமானது.

நீட்டிப்பு தேவைப்படுவது ஏன்?

பூல் கியூ பொதுவாக 57 அல்லது 58 அங்குலம், அதாவது ஏறத்தாழ 147 செ.மீ. நீளமுடையது. ஒன்பது அடி மேசையின் ஆடுபரப்பு 254 செ.மீ. நீளமும் 127 செ.மீ. அகலமும் கொண்டது. வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் இடக்கையை மேசையின் நடுப்பகுதிவரை நீட்டி ஊன்றும்போது, கோலும் முன்னே போகிறது. வலக்கை அதன் கடைசி முனைக்கே சென்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் பிடிக்க இடமில்லாததால் கையைச் சீராக ஆட்டி அடிக்க முடிவதில்லை. அடிக்கும்போது ஒரு காலாவது தரையில் படவேண்டும் என்பது விதி. ஆகவே மேசைமீது ஏறிப் படுத்தும் அடிக்க இயலாது.

இத்தகைய இடங்களில் கோலைத் தாங்கும் ரெஸ்ட் என்ற கருவி உதவும். ஆயினும் கையை ஊன்றி அடிக்கும் பழக்கமான முறையே துல்லியமானது எனப் பலர் கருதுகின்றனர். நீட்டிப்பு இருந்தால், கூடுதல் தொலைவுக்கும் அந்த முறையையே கையாளலாம். உலக பூல் சங்கத்தின் விதிகள் கோலுடன் இணைந்த நீட்டிப்பையும், தனியே சேர்க்கும் நீட்டிப்பையும் அனுமதிக்கின்றன. கியூவின் நீளத்துக்கு மேல்வரம்பு இல்லை.

அடிமுனையின் அமைப்பு

கியூவின் தடித்த பின்பாதி பட் எனப்படும். அதன் கடைசி முனையில் விட்டம் ஏறத்தாழ 32 மி.மீ. இருக்கும். மர முனை பிளக்காமல் இருக்க அங்கே கெட்டியான பிளாஸ்டிக் மூடி ஒட்டப்பட்டிருக்கும். கோலைத் தரையில் ஊன்றும்போது அடிபடாமலிருக்க, மூடிக்குப் பின்னால் பம்பர் என்ற ரப்பர் குமிழ் இருக்கும். பல கியூக்களில் பம்பரைக் கழற்றினால் உள்ளே ஒரு துளையும், அதில் எடையைக் கூட்டவோ குறைக்கவோ பயன்படும் எடை போல்ட்டும் காணப்படும்.

துளையிடும் முன் சோதனை

1. முதலில் பம்பரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே ஏற்கெனவே உலோக மரை இருந்தால், அதற்கேற்ற இணைப்புத் துண்டு ஒன்றே போதுமானதாகலாம். துளையிடத் தேவையே இராது.

2. மரையின் அளவைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. 3/8 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 16 சுற்றுகள் கொண்ட மரையும், 10 மி.மீ. விட்டத்தில் 1.5 மி.மீ. இடைவெளி கொண்ட மரையும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். முன்னது 9.5 மி.மீ. விட்டமே உடையது. ஒன்றுக்கு உரிய திருகை மற்றொன்றில் வலிந்து செலுத்தினால் மரை சிதையும். அல்லது இணைப்பு தளர்வாக ஆடும். மரை கேஜ் வைத்து அளப்பதே சரி.

3. துளையின் ஆழத்தையும், உள்ளே உள்ள எடை போல்ட்டின் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

4. சுவரின் தடிப்பைக் கணக்கிட வேண்டும். 32 மி.மீ. முனையில் 16 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயைப் பதித்தால், சுற்றிலும் 8 மி.மீ. மிஞ்சும். முனை மெலிந்த கோலில் இந்தச் சுவர் இன்னும் குறையும். விரிசலுக்கு வாய்ப்பு கூடும்.

துளையிடும் முறை

இந்த வேலையின் வெற்றி ஒரே அச்சில் துளையிடுவதைப் பொறுத்தது. துளை 1 பாகை சாய்ந்தாலும், 20 செ.மீ. நீட்டிப்பின் கடைசி முனை ஏறத்தாழ 3.5 மி.மீ. விலகி நிற்கும். கை டிரில்லால் இந்த அளவுத் துல்லியத்தைப் பெறுவது கடினம். எனவே கடைசல் இயந்திரம் தேவை.

பட் பகுதியைக் கடைசல் இயந்திரத்தின் குழல்போன்ற சுழல்தண்டினுள் செலுத்தி, அடிமுனை மட்டும் சிறிது வெளியே தெரியுமாறு பிடிக்க வேண்டும். இரும்புத் தாடைகள் பூச்சைக் கீறாமலிருக்க நைலான் வளையம் இடுவர். உள்ளே செல்லும் மறுமுனையையும் தாங்கிப் பிடிக்காவிட்டால் கோல் சுழலும்போது உதறும். பின்னர் டயல் கேஜை அடிமுனையில் வைத்து மெதுவாகச் சுழற்றி, முள் ஆடாத வரை கோலின் இருப்பைத் திருத்த வேண்டும்.

அச்சு சரியானபின், முதலில் சிறிய துளையிட்டு, பிறகு போரிங் கருவியால் தேவையான விட்டத்துக்கு விரிக்க வேண்டும். பழைய துளை கோணலாக இருந்தால் டிரில் அதையே பின்பற்றிச் செல்லும். போரிங் கருவி அந்தக் கோணலையும் நேராக்கும்.

பித்தளை அல்லது அலுமினியக் குழாயின் வெளிப்பரப்பைச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, எபாக்சி பசையிட்டுப் பதிக்க வேண்டும். அடிமூடிய துளையில் சிக்கும் காற்று குழாயை வெளியே தள்ளும் என்பதால், காற்று வெளியேற ஒரு மெல்லிய காடி விடுவது நல்லது. பசை உள்மரையில் புகாமல் காக்க வேண்டும். பசை முழுவதும் இறுகும் முன் நீட்டிப்பைத் திருகிப் பார்க்கக்கூடாது. இறுதியாக, அதே மரையில் பொருந்தும் புதிய பம்பரை மாட்ட வேண்டும். நீட்டிப்பு இல்லாதபோது மரையைக் காப்பது அதுவே.

எடையும் சமநிலையும்

கோலின் கடைசி முனையில் சேரும் சிறு எடையும் சமநிலைப் புள்ளியைப் பெரிதும் நகர்த்தும். 540 கிராம் எடையுள்ள கோலின் சமநிலைப் புள்ளி அடிமுனையிலிருந்து 47 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். முனையிலிருந்து 2 செ.மீ. உள்ளே 40 கிராம் சேர்த்தால், நகர்வு:

40 × (47 – 2) ÷ (540 + 40) = ஏறத்தாழ 3.1 செ.மீ.

அதாவது, நீட்டிப்பு மாட்டாத சாதாரண அடிகளிலும் கோல் பின்கனமாக உணரப்படும். எடை போல்ட்டை எடுத்துவிட்டோ, லேசான போல்ட்டை இட்டோ இதனை ஈடுசெய்யலாம். பித்தளைக்குப் பதில் அலுமினியம் பயன்படுத்தினால், அதே அளவுள்ள குழாயின் எடை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். நீட்டிப்புத் துண்டுகளை அலுமினியம், கார்பன் இழை போன்ற லேசான பொருள்களில் செய்வதும் இதனால்தான். போட்டிக்கான கியூவின் எடை வரம்பு 25 அவுன்சு, அதாவது 708.75 கிராம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எப்போது தவிர்க்கலாம்?

கைவினைஞர் செய்த விலையுயர்ந்த கோல், பழைமைக்காகச் சேகரிக்கப்பட்ட கோல், உத்தரவாதக் காலம் முடியாத கோல் ஆகியவற்றில் துளையிடுவது உகந்ததன்று. முனையில் விரிசலோ, மூடியில் தளர்வோ இருந்தாலும் இவ்வேலையைத் தொடங்கக்கூடாது. அத்தகைய கோல்களுக்கு, அடிமுனையின்மேல் உறைபோலச் செருகி இறுக்கும் நீட்டிப்பு பொருந்தும். அது திருகு இணைப்பைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும். ஆனால் கோலில் ஒரு கீறலும் விழாமல் கழற்றி எடுத்துவிடலாம்.