போலீஸைத் திணறவைத்த 4 அடி 11 அங்குலப் பெண்! - ஜுஜுட்சு கற்ற லண்டன் போராளிகளின் கதை

அவரின் உயரம் 4 அடி 11 அங்குலம்தான். ஆனால், 6 அடி ஆளையும் கண்ணிமைக்கும் நேரத்தில் தரையில் கிடத்திவிடுவார். பெயர், எடித் காருட்.

1872-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த எடித், உடற்பயிற்சி ஆசிரியை. கணவர் வில்லியமுக்கும் அதே தொழில். ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஜுஜுட்சு லண்டனுக்குப் புதிதாக வந்திருந்த காலம் அது. சதகாசு உயெனிஷி என்ற ஜப்பானிய ஆசானிடம் இருவரும் அதைக் கற்றார்கள். 1908-ல் அவர் லண்டனை விட்டுக் கிளம்ப, அவருடைய பயிற்சிக்கூடத்தை இந்தத் தம்பதியே ஏற்று நடத்தினார்கள்.

எதிராளியின் பலமே ஆயுதம்!

ஜுஜுட்சுவில் முட்டி மோதுவதற்கு வேலையில்லை. ஒருவர் தள்ளினால், எதிர்த்துத் தள்ளாமல் விலகி, அவர் வரும் வேகத்திலேயே அவரை இழுத்துவிட வேண்டும். நிலை தடுமாறிவிட்டால், எவ்வளவு கனமானவரும் விழுந்துதான் ஆக வேண்டும்.

மணிக்கட்டைப் பிடித்தால்? ஒரு பக்கம் நான்கு விரல்கள், மறுபக்கம் கட்டைவிரல் மட்டும். பிடி பலவீனமாக இருப்பது கட்டைவிரல் பக்கம்தான். அந்தப் பக்கமாகக் கையைத் திருப்பிச் சட்டென்று உருவினால், விடுபட வாய்ப்பு அதிகம்.

பூனையும் எலியும்

அப்போது பிரிட்டனில் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. அதற்காக எம்மலின் பாங்கர்ஸ்ட் தலைமையில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1910 நவம்பர் 18 அன்று நாடாளுமன்றம் நோக்கிச் சென்ற சுமார் 300 பெண்களைப் போலீஸார் மணிக்கணக்கில் அடித்து, தள்ளி, அவமானப்படுத்தினார்கள். சிறையில் உண்ணாவிரதம் இருந்தவர்களுக்கு, குழாய் செருகி வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்டது.

1913-ல் ஒரு புதுச் சட்டம் வந்தது. உண்ணாவிரதத்தால் சோர்ந்தவரை விடுதலை செய்துவிட்டு, உடல் தேறியதும் மீண்டும் பிடித்து உள்ளே தள்ளலாம். 'பூனை - எலி சட்டம்' என்றே மக்கள் அதை அழைத்தார்கள்.

தலைவியைக் காக்க, சுமார் 30 பெண்கள் கொண்ட மெய்க்காவல் படை உருவானது. பயிற்சி கொடுத்தவர், எடித். போலீஸ் கண்ணில் படாமலிருக்க, வகுப்புகள் ரகசியமாக நடந்தன. உடைக்குள் இந்தப் பெண்கள் மறைத்து வைத்திருந்த ஆயுதம் எது தெரியுமா? 'இந்தியன் கிளப்' என்று ஆங்கிலேயர் அழைத்த, நம்மூர் கர்லாக்கட்டை ரகம்!

வென்றதும் தோற்றதும்

1914 பிப்ரவரியில், லண்டனில் ஒரு வீட்டு மாடியிலிருந்து பாங்கர்ஸ்ட் பேசினார். பிறகு, முகத்திரை அணிந்து வெளியே வந்த பெண்ணைப் போலீஸார் மடக்கினார்கள். திரையை விலக்கினால், அது வேறொருவர். பாங்கர்ஸ்ட் தப்பிவிட்டார்!

மறுமாதம் கிளாஸ்கோ கூட்டத்திலோ, பூ அலங்காரத்துக்குள் முள்கம்பி மறைத்து மேடையைக் காத்தும் பலனில்லை. கைகலப்புக்கு நடுவே பாங்கர்ஸ்ட் கைது செய்யப்பட்டார். ஆள்பலம் மிகும்போது நுட்பமும் தோற்கலாம். அதனால்தான் தற்காப்பில், பிடியிலிருந்து விடுபட்டுப் பாதுகாப்பான இடத்துக்கு ஓடுவதே முதல் பாடம்.

1918-ல் 30 வயது கடந்த, சொத்துத் தகுதி கொண்ட பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1928-ல் ஆண்களுக்கு நிகராக, 21 வயது நிறைந்த எல்லாப் பெண்களுக்கும் கிடைத்தது. எடித் 99 வயது வரை வாழ்ந்து, 1971-ல் மறைந்தார்.

மணிக்கட்டை விடுவிக்கும் அந்த உத்தியை, வீட்டில் அம்மாவும் மகளும் இன்றே மெதுவாகச் செய்து பார்க்கலாம். ஒருமுறை செய்தால் போதாது. கை பழகும்வரை தொடர வேண்டும்.