திமிரியும் பாரியும்

நாகசுரத்தின் ஒலி படாத செவி தமிழ்நாட்டில் இருத்தல் அரிது. ஆயினும் நாகசுரம் என்பது ஒரே அளவுடைய ஒரு கருவி அன்று, நெட்டையும் குட்டையுமான உடன்பிறப்புகளைக் கொண்ட குடும்பம் என்பதை மாணவர் பலர் அறியார். பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஒலியியல் பாடம் வரும்போதெல்லாம் மேளக்காரர் ஒருவரை வேண்டி இரண்டு குழல்களை இரவல் வாங்கி வந்து மேசைமீது வைப்பது என் வழக்கம். குட்டைக் குழலுக்குத் திமிரி என்று பெயர். நெட்டைக் குழல் பாரி. இவ்விரண்டிற்கும் நடுவே இடைபாரி என ஒன்றும் உண்டு. "ஐயா, இவற்றுள் எது உயர்ந்தது?" என்று யாரேனும் ஒரு மாணவன் கேளாமல் இரான். அவ்வினாவை ஒட்டியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் உருவத்தைக் காண்போம். இரண்டின் உறுப்புகளும் ஒன்றே. உலவு என்பது உடற்குழல். அதன் உட்புழை மேலே குறுகிக் கீழே வர வர அகலும். அடியில் விரிந்த வாய்போல் பொருந்துவது அணசு. மேலே கெண்டை என்னும் உலோகச் சிறுகுழாய், அதன்மேல் நாணல் தட்டையாற் செய்த சீவாளி. துளைகள் பன்னிரண்டு. அவற்றுள் 7 விரல்களுக்கு உரியவை, எஞ்சிய 5 சுருதியைச் செம்மை செய்வதற்கு. திமிரியின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை அடி. பாரியோ இரண்டு அடிக்குக் குறையாது, இரண்டரை அடி வரையிலும் செல்லும். திமிரியின் சீவாளியைப் பாரியில் செருகி ஊதினால் ஒலி ஒழுங்காக எழாது. குழலுக்கேற்ற சீவாளி வேண்டும்.

நீளம் கூடினால் சுருதி தாழும். ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டையிலிருந்து எண்ணி வருவதே நம்மவர் சொல்லும் 'கட்டை'க் கணக்கு. பழைய திமிரிகள் நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் ஒலித்தன. பாரி இரண்டு, இரண்டரைக் கட்டையில் ஒலிக்கும். ஐந்து கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் உள்ள அதிர்வெண் விகிதம் 4-க்கு 3. குழல் நீளம் அதற்கு எதிர்விகிதத்தில் இருக்கவேண்டும். ஆகவே 18 அங்குலத் திமிரி 24 அங்குலப் பாரி ஆகிறது! சீவாளியும் அணசும் இக்கணக்கைச் சற்றே அசைக்கும். என்றாலும் ஆசாரியின் உளியும் பாடநூலின் சூத்திரமும் ஒரே விடைக்கு வந்து சேர்வதைக் கண்டு மாணவர்கள் வியப்பார்கள்.

மேனாட்டிலும் இத்தகைய ஒப்பீடு உண்டு. டிராம்போன் என்னும் பித்தளைக் கருவியில் டெனார், பேஸ் என இருவகை. இந்நாளில் வழங்கும் இரண்டிற்கும் அடிப்படைக் குழல் நீளம் ஏறத்தாழ 9 அடியே. பேஸ் வகையில் உட்புழையும் வாயும் அகன்றிருக்கும், வால்வு ஒன்றும் கூடுதலாக இருக்கும். ஆனால் இங்கிலாந்தில் முன்னர் வழங்கிய பேஸ் டிராம்போன் மெய்யாகவே நீண்டது. இழுகுழலின் கடைசி நிலைக்குக் கை எட்டாது என்பதால் அதற்கு ஒரு கைப்பிடி பொருத்தினார்கள். நம் பாரி இந்தப் பழைய பேஸுக்குத்தான் உறவு.

இனி, பாரி பரவிய வரலாறு. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898-1956) காலத்திற்கு முன் திமிரியே பெருவழக்கு. தாழ்ந்த சுருதியில் நின்று இராகத்தை விரிவாக ஆலாபனம் செய்ய விரும்பினார் அப்பெரியார். அவ்விருப்பத்திற்கு உருக்கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. சுத்த மத்திமம் தெளிவாகப் பேசும்படி குழலைச் சீர்செய்த புகழும் அவருக்கே உரியது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து தெற்கே சென்றால் ஆடுதுறைக்கு அருகில் இருக்கிறது அவ்வூர். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்து உத்தரங்களை அங்கே தேடி வாங்குவார்கள். பல்லாண்டு காய்ந்த மரம் கடைந்தபின் முறுக்காது, வெடிக்காது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பாரியின் வெற்றிக்கு மேதையின் விருப்பம் மட்டும் காரணம் அன்று என்பது என் கருத்து. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-இல் தோன்றியது. ஒலிபெருக்கி மெல்ல மெல்லக் கோயில் மண்டபங்களுக்கும் வந்தது. ஒலியைத் தொலைவிற்கு எறியும் வேலையை மின்சாரம் ஏற்றுக்கொண்டபின், கருவி தாழ்ந்து பேசலாயிற்று. பாரியின் துளைகள் தள்ளித் தள்ளி அமைந்தவை. விரலைச் சிறுகச் சிறுக விலக்கிக் கமகங்களை இழைத்துக் காட்ட அங்கே இடம் மிகுதி. ஆனால் மூச்சும் மிகுதியாக வேண்டும். திமிரியில் துளைகள் நெருக்கம், விரல் அதிகம் விரிய வேண்டுவதில்லை, துரிதமான பிடிகள் எளிதில் வரும்.

அப்படியாயின் திமிரி தோற்ற கருவியா? இல்லை. திருமழபாடியில் பங்குனியில் நந்தி திருமணத் திருவிழா நடக்கும். அத்தகைய கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வாணவெடி, தவில், மக்கள் இரைச்சல் ஆகிய அத்தனைக்கும் நடுவே, தெருக்கோடியில் நிற்பவனுக்குச் சுவாமி புறப்பட்டுவிட்டது என்று அறிவிக்கவேண்டும். மனிதச் செவி வினாடிக்கு 2000 முதல் 4000 வரையிலான அதிர்வுகளை மிகக் கூர்மையாக உணரும். திமிரியின் கூரிய குரலில் அப்பகுதிக்குரிய மேற்சுரங்கள் செறிந்திருக்கின்றன. திறந்தவெளிக்கென்றே பிறந்த குழல் அது. நையாண்டி மேளங்கள் சிலவற்றில் இன்றும் அதன் குரலைக் கேட்கலாம். கோயில் மேளங்களிலோ வெகுவாக அருகிவிட்டது.

எனக்குக் குழல்களை இரவல் தந்த மேளக்காரர் வீட்டில் திமிரி ஆணியில் தொங்கியது. பாரி பட்டுறைக்குள் இருந்தது. அவருடைய மகனுக்குத் திமிரிச் சீவாளி கட்டத் தெரியாது. ஒரு கருவி அழிவது மரம் உளுத்து அன்று, அதன் சீவாளியைக் கட்டும் கை ஓய்ந்து. இதை எண்ணும்போது எனக்கு வருத்தம் உண்டாவது மெய்.

உங்கள் ஊரில் முதிய நாகசுரக்காரர் எவரேனும் இரு குழல்களையும் வைத்திருந்தால், ஒரே இராகத்தை இரண்டிலும் வாசிக்குமாறு பணிந்து கேளுங்கள். முதன்முறை பத்தடி தூரத்தில் மண்டபத்துள் அமர்ந்து கேளுங்கள். அடுத்த முறை, ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிவிட்டு, தேர்முட்டியைத் தாண்டி நான்காம் தெருவில் நின்று கேளுங்கள்.