ஆற்றுக்கும் ஓர் எல்லை உண்டு

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நெல்லை, தூத்துக்குடி மாவட்ட மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயிலின் பயணிகள் சுமார் 800 பேர் சிக்கித் தவித்தனர். அப்பால் மண்ணும் ஜல்லியும் அரித்துப்போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது.

வானம் பொத்துக்கொண்டு ஊற்றினால் யார் என்ன செய்ய முடியும் என்று நாம் கேட்கலாம். மழையைத் தடுக்க முடியாதுதான். ஆனால் ஆற்று வெள்ளம் எந்த வழியாகப் பாயும் என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் குறிக்க முடியும்.

ஆறு என்றதும் இரு கரைகளுக்கு நடுவே ஓடும் நீர்தான் நம் கண்முன் வருகிறது. பெருவெள்ளத்துக்கு அந்த இடம் போதாது. வயலிலும் தோப்பிலும் அது பரவுகிறது. அப்படிப் பரவும் நிலம் முழுவதும் வெள்ளச் சமவெளி எனப்படும். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. நீர் ஆழமாகவும் வேகமாகவும் பாயும் நடுப்பகுதி வெள்ளப்பாதை. இருபுறமும் நீர் மெதுவாக ஏறி, தேங்கி, வடியும் பகுதி வெள்ள விளிம்பு.

இரண்டையும் பிரிக்கும் கோட்டை எப்படிப் போடுகிறார்கள்? 1968-இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கிய அமெரிக்காவில் பின்பற்றப்படும் முறை இது. ஆற்றின் குறுக்கே பல இடங்களில் நிலத்தின் மேடு பள்ளத்தை அளக்கிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள பெருவெள்ளத்தைக் கணினியில் ஓடவிட்டு, நீர்மட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். பிறகு இரு ஓரங்களிலும் மண்ணடித்து மேடாக்கிவிட்டதாக வைத்துக்கொண்டு, அந்த மேட்டை ஆற்றை நோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்துகிறார்கள். நீர்மட்டம் ஓரடி உயர்ந்ததும் நிறுத்துகிறார்கள். உள்ளே எஞ்சியிருப்பதே வெள்ளப்பாதை. வெள்ள மட்டத்தை உயர்த்தும் எதையும் அங்கே கட்டக்கூடாது. விளிம்பில் வீட்டின் தளத்தை உயர்த்திக் கட்டிக்கொள்ளலாம். இந்த ஓரடி மனிதர் வைத்த அளவுதான். இல்லினாய் மாநிலம் அதில் பத்தில் ஒரு பங்கையே அனுமதிக்கிறது.

இத்தகைய வெள்ளத்தை நூறாண்டு வெள்ளம் என்று அழைப்பது பெரும் குழப்பத்தை உண்டாக்கிவிட்டது. போன வருடம் வந்துவிட்டது, இனி பேரன் காலத்தில்தான் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் 30 ஆண்டுகளில் அது ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 26.

வெள்ளப்பாதையில் மண்ணடித்துக் கட்டுபவர் தம் வீட்டை மட்டும் மேடாக்கிக்கொள்கிறார். அவர் ஒதுக்கிவிட்ட நீர் மேற்பக்கத்துத் தெருவிலும் எதிர்க்கரை வீடுகளிலும் ஏறுகிறது. யாரோ முன்பின் தெரியாதவரின் அரிசி மூட்டை நனைகிறது. ‘என் பட்டா நிலம், நான் கட்டுகிறேன்’ என்னும் பேச்சு இங்கே எடுபடாது.

நடுவண் அரசு வெள்ளச் சமவெளியை வகைப்படுத்தும் மாதிரிச் சட்டத்தை 1975-லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் போன்ற மிகச் சிலவே அதைச் சட்டமாக்கின.

ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. கோடு போட்டதும் முதலில் வெளியேற்றப்படுபவர் யார்? 2015 வெள்ளத்துக்குப் பின் சென்னையில் அடையாற்றங்கரையின் ஏழைக் குடும்பங்கள் பல, தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. பிழைப்பும் பிள்ளைகளின் பள்ளியும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. அதே ஆற்றின் மேல்தான் சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை தூண்கள் மீது நீண்டிருக்கிறது. குடிசைக்கும் ஓடுபாதைக்கும் ஒரே கோடு பொருந்தாவிட்டால் அந்த வரைபடத்தை மக்கள் நம்பமாட்டார்கள். நம்பவும் தேவையில்லை.

வரைபடத்துக்குக் கணினி மட்டும் போதாது. கணக்கு சரியா என்று பார்க்க, நீர் உண்மையில் எதுவரை ஏறியது என்னும் அடையாளம் வேண்டும். பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணியின் கரையோர ஊர்களில் அந்த அடையாளம் ஆலயச் சுவரிலும் பள்ளிச் சுவரிலும் கறையாக நிற்கும். திருவிழா வந்ததும் நாம் வெள்ளையடித்து அழித்துவிடுகிறோம். அதற்கு முன் கறையின் மேல் ஒரு கோடு கிழித்து, தேதியையும் தரையிலிருந்து எத்தனை அடி என்பதையும் எழுதி வைக்கலாம். 1992-இல் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது நீர் எந்தப் படிவரை வந்தது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் பங்குகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமும் கேட்டு, அதே சுவரில் இரண்டாவது கோட்டையும் போட்டுவிடலாம்.