ஈர்க்குச்சியில் ஓர் அரச மரம்

காற்றே இல்லை என்று நாம் சொல்லும் மத்தியானத்திலும் அரச மரம் மட்டும் சலசலத்துக்கொண்டிருக்கும். இலை அகலம், காம்போ நீளம், மெல்லிசு. இலேசான காற்று பட்டாலே இலை திரும்பிவிடுகிறது. வீட்டுக்குள் தொங்கவிடும் காகிதச் சிற்பத்துக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. காம்பின் வேலையை இங்கே நூல் பார்க்கும்.

இத்தகைய அசையும் சிற்பங்களுக்குப் புகழ் தேடித் தந்தவர் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர். 1919இல் இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கியவர். அவருடைய படைப்புகளுக்கு ‘மொபைல்’ என்று 1931இல் பெயர் வைத்தவர் ஓவியர் மார்செல் துஷாம். கம்பியிலும் தகட்டிலும் கால்டர் செய்த மொபைல்களில் இலை வடிவங்கள் நிறைய. அவற்றைத் தாங்கி நிற்பது நெம்புகோல் கணக்கு.

அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) தாள் ஒன்றின் எடை 10 கிராம். அரைத் தாளில் வெட்டிய இலை 4 கிராம், கால் தாளில் வெட்டியது 2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. ஈர்க்குச்சியின் இரு முனைகளிலும் இவற்றைக் கட்டினால், பெரிய இலையிலிருந்து 10 செ.மீ. தள்ளி நூல் முடிச்சு வர வேண்டும். 4×10, 2×20: இரண்டும் 40. ஆனால் ஈர்க்குச்சிக்கும் எடை உண்டு, அடிப்பக்கம் தடிமனும் கூட. அதனால் இந்த இடம் ஒரு தொடக்கம்தான். விரல்மேல் குச்சியை நிறுத்தி, அது சாயாத இடம் கிடைக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். கிடைத்ததும் ஒரு சொட்டுப் பசை.

இலையை நடு நரம்பில் ஒருமுறை மடித்து விரியுங்கள். தொய்ந்து கிடந்த தாள் விறைத்து நிற்கும்.

கட்டுவதைக் கீழ்க்குச்சியிலிருந்து தொடங்க வேண்டும். கீழே சமன்பட்ட தொகுதி முழுவதும் மேல்குச்சிக்கு ஒரே பாரம். மேலிருந்து தொடங்கினால், கீழே ஒவ்வோர் இலை சேரும்போதும் மேலே போட்ட முடிச்சையெல்லாம் அவிழ்க்க நேரும்.

மின்விசிறிக்கு அடியில் மட்டும் தொங்கவிடாதீர்கள், நூல்கள் சிக்கிக்கொள்ளும். கூடத்து மூலையே போதும். நீங்கள் பக்கத்தில் நடந்துபோனாலே இலைகள் திரும்பும்.