பிள்ளையின் கணக்கும் அம்மாவின் ராட்டினமும்

பிளஸ் ஒன் பாதி தாண்டியதும் பல வீடுகளில் ஒரு புலம்பல் கேட்கும். "இந்த மேத்ஸ் எனக்கு வரவே வராதும்மா. அடுத்த வருஷம் வேற குரூப்ல முதல்லேருந்து சேர்ந்துக்கறேன்." எங்கள் வீட்டிலும் கேட்டது. ஒரு வருஷப் படிப்பே வீணாகிவிடுமே என்று எனக்குப் பகீரென்றது. எந்தக் கணக்கு இவளை இப்படி விரட்டுகிறது என்று நோட்டை வாங்கிப் பார்த்தேன். நுண்கணிதத்தில் வரும் 'சங்கிலி விதி'தான்!

நான் பிளஸ் டூவில் கணக்கு படித்தவள். பிறகு கல்யாணமாகித் திருப்பருத்திக்குன்றம் வந்து, தறிக்குத் தார் சுற்றுவதே வேலையாகிவிட்டது. ஊரின் பெயரில் பருத்தி இருந்தாலும் எங்கள் வீட்டில் ஓடுவது பட்டுதான். ஆகவே பாடத்தை ராட்டினத்திலிருந்தே ஆரம்பித்தேன்.

"சக்கரம் ஒரு சுற்று சுத்தினா கதிர் 20 சுற்று சுத்துதுன்னு வெச்சுக்கோ. கதிர் ஒரு சுற்றுக்கு 5 சென்டிமீட்டர் நூலை இழுக்குது. அப்போ சக்கரத்தோட ஒரு சுற்றுக்கு எவ்வளவு நூல்?"

"100 சென்டிமீட்டர்."

"கூட்டினியா, பெருக்கினியா?"

"பெருக்கினேன்."

"அவ்வளவுதான்டி கண்ணு, சங்கிலி விதி!"

ஒன்று மாறினால் இரண்டாவது மாறுகிறது, இரண்டாவது மாறினால் மூன்றாவது மாறுகிறது என்றால், இரண்டு வேகங்களையும் பெருக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. தார் தடிக்கத் தடிக்க ஒரு சுற்றுக்கு இழுக்கும் நூலும் கூடும் அல்லவா? அதுபோல வெளிச்சார்பின் வேகம், உள்சார்பு அப்போது எந்த மதிப்பில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் வெளியே இருப்பதை வகையிடும்போது உள்ளே இருப்பதைத் தொடாமல் அப்படியே எழுதுகிறோம்.

இப்போது நோட்டுக்கு வருவோம். (3எக்ஸ் + 2)² என்பதன் வகைக்கெழு என்ன? வெளியே வர்க்கம், உள்ளே 3எக்ஸ் + 2. வெளியை வகையிட்டால் 2(3எக்ஸ் + 2). உள்ளே இருப்பதை வகையிட்டால் 3. பெருக்கினால் 6(3எக்ஸ் + 2). என் பெண் முதல் பாதியோடு நிறுத்திவிட்டு, அந்த 3-ஐ விட்டுவிட்டிருந்தாள். பெரும்பாலான பிள்ளைகள் மார்க்கைக் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

விடை சரிதானா என்று பார்க்க, நுண்கணிதம் தெரியாத தாய்மார்களுக்கும் ஒரு சுலப வழி சொல்கிறேன். எக்ஸ் 1 ஆனால் (3எக்ஸ் + 2)² என்பது 5 × 5 = 25. எக்ஸை 1.01 ஆக்கினால் 5.03 × 5.03 = 25.3009. எக்ஸ் 0.01 கூடியதற்கு விடை 0.3009 கூடியிருக்கிறது. வகுத்தால் 30.09, அதாவது ஏறக்குறைய 30. நம் விதிப்படி 6 × 5 = 30. பொருந்துகிறது! 3-ஐ விட்டிருந்தால் 10 தான் வந்திருக்கும். இதைப் பார்த்ததும், "அட, ஆமாம்மா!" என்றாள். அந்த "அட"வுக்காக நான் எத்தனை தார் வேண்டுமானாலும் சுற்றுவேன்!

அடுத்த குழப்பம் சைனில் வரும். சைன்(எக்ஸ்²) வேறு, (சைன் எக்ஸ்)² வேறு. முதலாவதில் சைன் வெளியே இருக்கிறது. விடை காஸ்(எக்ஸ்²) × 2எக்ஸ். இரண்டாவதில் வர்க்கம் வெளியே இருக்கிறது. விடை 2 சைன் எக்ஸ் × காஸ் எக்ஸ். எது மேலுறை, எது உள்ளே என்று முதலில் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பிறகு பேனாவை எடுக்கட்டும்.

மூன்று அடுக்கு வந்தாலும் பயமில்லை. (சைன் 2எக்ஸ்)³ என்றால் வெளியே கனம், நடுவே சைன், உள்ளே 2எக்ஸ். 3(சைன் 2எக்ஸ்)² × காஸ் 2எக்ஸ் × 2. ஆக விடை 6(சைன் 2எக்ஸ்)² காஸ் 2எக்ஸ். எத்தனை உறையோ அத்தனை பெருக்கல்!

இந்த விதியை ஜெர்மானிய மேதை லைப்னிட்ஸ் 1676-லேயே ஒரு குறிப்பில் கையாண்டிருக்கிறார். அந்தக் கணக்கில் அவருக்கே ஒரு கூட்டல்-கழித்தல் குறி தவறிப் போயிற்றாம்! நம் பிள்ளைகள் தடுமாறுவதில் ஆச்சரியம் என்ன?

வீட்டில் கடைப்பிடிக்க மூன்றே யோசனைகள்: ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு போதும். உறைகளைப் பென்சிலால் வட்டமிடட்டும். கடைசியில், "உள்ளே இருக்கிறதை வகையிட்டியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அடுப்படியிலிருந்தே கேட்கலாம், அதற்கு எந்த டியூஷன் பீஸும் இல்லை. என் பெண் குரூப் மாற்றும் பேச்சை இப்போது எடுப்பதில்லை.