சுவரில் பூத்த பூசணம்

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் சாலையில் இருக்கிறது தவளக்குப்பம். ஒரு பக்கம் சுண்ணாம்பாறு, ஒரு பக்கம் கடல். காற்றில் எப்போதும் ஈரம்தான்.

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இப்படிப் பெய்தால், தண்ணீர் வடிந்த பிறகும் சுவருக்குள் ஈரம் நிற்கும். இரண்டே நாளில் பூசணம் பிடிக்கத் தொடங்கும்.

"சுவரில்தானே இருக்கிறது, நம்மை என்ன செய்யும்?" என்று விட்டுவிடலாமா? கூடாது. பூசணம் கண்ணுக்குத் தெரியாத தூளைக் காற்றில் விடுகிறது. அது மூச்சோடு உள்ளே போகும். தும்மல், இருமல், கண் அரிப்பு வரலாம். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இழுப்பு கிளம்பும். மருந்தைக் கொடுத்துவிட்டு, அதே சுவர் ஓரம் பாய் விரித்துப் படுக்க வைத்தால் இழுப்பு எப்படி நிற்கும்?

பொங்கல் வருகிறதே என்று சிலர் அதன் மேலேயே பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். பூசணம் மறையும்; போகாது.

ஈரம் எங்கிருந்து வருகிறது? மாடித்தள வெடிப்பா, குழாய்க் கசிவா? முதலில் அதை அடையுங்கள். பிறகு ஜன்னலைத் திறந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் தூள் வீடெல்லாம் பறக்கும். பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள், கழிப்பறை ஆசிட்டை அதில் கலக்கவே கூடாது. விஷவாயு கிளம்பும்!

சுவர் நன்றாகக் காயட்டும். பீரோவை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். நனைந்து பூசணம் பிடித்த இலவம்பஞ்சு மெத்தையா? கல்யாணச் சீராய் வந்தது, மனம் வராதுதான். ஆனாலும் தூக்கி எறிவதைத் தவிர வழி இல்லை.